வீராசாமி கேட்ட ஐஸ் பெட்டி

நெமிலிச்சேரி வீராசாமியைக் கடித்த நாய்க்கு அவர்மேல் எந்த விரோதமும் கிடையாது. அதன் விரோதமெல்லாம் சரவெடி மேல்தான். 1989 ஜனவரி, சட்டமன்றத் தேர்தல் நேரம். வேட்பாளர் ஒருவர் ஜீப்பில் கைகூப்பியபடி தெருவுக்குள் நுழைய, அவருடைய ஆட்கள் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திப் போட்டார்கள். மூலையில் படுத்திருந்த செவலை நாய் மிரண்டு ஓடி, தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்த வீராசாமியின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டுப் போனது. வேட்பாளர் பார்த்தார். பார்த்துவிட்டு அவருக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

வீராசாமிக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. அப்பா காலம்வரை அடுத்தவர் கழனியில் நாற்றுப் பிடுங்கிய குடும்பம். இவர் பாடியில் ஒரு கம்பெனியில் லாரிக்குப் பெட்டி ஏற்றுகிறவர். உள்ளே மெஷினில் நிற்கிறவனுக்குத் தலை வலித்தால்கூட இ.எஸ்.ஐ. டாக்டர் உண்டு. வாசலில் பெட்டி தூக்குகிற காண்ட்ராக்ட் ஆளுக்கு அதெல்லாம் கிடையாது என்று பதினாறு வருஷத்துக்கு முன்பே மேஸ்திரி சொல்லிவிட்டார். ஓட்டு மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் என்று வீராசாமி பெருமையாகச் சொல்வார். பாவம், நம்பிக்கைக்காரர்.

காலில் மஞ்சளை அப்பிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனார். கம்பவுண்டர் ஜேம்ஸ் காயத்தைக் கழுவிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நாய்க்கடி மருந்து ஐஸ்லயே வெச்சிருக்கணும் அண்ணாத்தே. நம்ம ஐஸ் பெட்டி ரிப்பேராயி ரெண்டு வருசம் ஆவுது. எழுதிப் போட்டுகினேதான் கீறேன்."

"அப்ப நான் இன்னா பண்றது?"

"பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி. தெனமும் போவணும், ஒருநாள்கூட உடக்கூடாது."

பதினான்கு நாள் லீவு போட்டால் அந்த இடத்தில் பதினைந்தாம் நாள் வேறொருவன் பெட்டி தூக்கிக்கொண்டிருப்பான். வீராசாமி தயங்கி நின்றதைப் பார்த்து ஜேம்ஸ் குரலைத் தாழ்த்தினார்.

"நாய் தெரிஞ்ச நாயா? அப்பிடின்னா பத்து நாளு கட்டிப்போட்டுப் பாரு. அது நல்லாகீதுன்னா உனக்கும் ஒண்ணும் ஆவாது. செத்துச்சோ, அன்னிக்கே ஓடிப் போயி ஊசி போட்டுக்க."

இப்படியாக வீராசாமியின் உயிர் ஒரு தெருநாயின் உடல்நலத்தோடு முடிச்சுப் போடப்பட்டது. செவலையைப் பிடித்து முருங்கை மரத்தில் தாம்புக் கயிற்றால் கட்டினார்கள். அவர் மனைவி எல்லம்மா அதற்குக் கருவாட்டுத் தலையும் டீக்கடைப் பொறை ரொட்டியும் வைத்தாள். புருஷனுக்குப் பழையது. எதிர்வீட்டுக் கன்னியம்மாள் காலையில் எழுந்ததும், "இன்னாண்ணா, நாய் நல்லாகீதா?" என்றுதான் கேட்பாள். அவர் நலத்தைத் தனியாகக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீர்ச் சட்டியில் அது வாய் வைக்கிறதா என்று வேலைக்குக் கிளம்புமுன் குந்திப் பார்ப்பார். வைத்தால்தான் அவருக்கு டீ இறங்கும். பயம்தான். வெறி பிடித்துச் செத்த ஒருவனைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார்.

ஆறாம் நாள் அந்த வேட்பாளர் மறுபடி வந்தார். கூடவே வட்டச் செயலாளர் பரந்தாமன், கையில் நோட்டுப் புத்தகம். ஜெயித்தால் நூறு படுக்கையில் ஆஸ்பத்திரி கட்டித் தருவோம் என்று மைக்கில் சொல்லிவிட்டு, வேட்பாளர் வீராசாமி வாசலில் நின்று, உங்களுக்கு என்ன குறை என்று கேட்டார்.

வீராசாமி பதிலைப் பதினாறு வருஷமாகத் தயாராக வைத்திருந்தவர்போலப் பேசினார்.

"நூறு கட்டில் இன்னாத்துக்குங்க? கீற ஆஸ்பத்திரில அந்த ஐஸ் பெட்டிய ரிப்பேர் பண்ணிக் குடுங்க, போதும். இதோ, நாய் கடிச்சு ஆறு நாள் ஆவுது. மருந்து இல்லாம நாய் மூஞ்சிய பாத்துகினு குந்திகீறேன். எங்க ஊட்ல நாலு ஓட்டு."

வேட்பாளர் தலையை ஆட்டினார். "குறிச்சிக்கப்பா" என்றார். பரந்தாமன் குறித்துக்கொண்டார். எட்டிப் பார்த்த எல்லம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். 'வீராசாமி, நாலு ஓட்டு, நாய்த் தொல்லை' என்று இருந்தது. ஐஸ் பெட்டியைக் காணோம். அதை அப்புறம் எழுதுவார்கள் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

எட்டாம் நாள் வீராசாமி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், தெருநாய்களைப் பிடித்துப் போய்க் கொல்கிற நாய் வண்டி வந்தது. அந்த ஊர் கேட்டு எதுவும் ரெண்டு நாளில் நடந்ததாகச் சரித்திரமே இல்லை. தெருநாய்கள் எல்லாம் வண்டிச் சத்தம் கேட்டதுமே தண்டவாளம் தாண்டி ஓடிவிட்டன. கட்டிப் போட்டிருந்த ஒன்றுதான் ஓட முடியாமல் மாட்டியது.

எல்லம்மா குறுக்கே விழுந்து தடுத்தாள். "அது எங்க நாய்யா. உடுங்கய்யா, இன்னும் ரெண்டு நாளு கீது."

"உங்க ஊட்டுக்காரர் குடுத்த கம்ப்ளெய்ன்ட்டுதாம்மா" என்றார் பரந்தாமன், பெருமையோடு. "தலைவரு சொன்னா செஞ்சுருவாரு."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சாயங்காலம் வந்த வீராசாமி அறுந்த கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஊசி பயத்தில் அழுகிறார் என்று தெரு நினைத்தது. அவர் அழுதது செவலைக்காக.

மறுநாள் ஜேம்ஸ் தலையைச் சொறிந்தார். "அதுக்கு வெறி இருந்துச்சா இல்லையான்னு இப்ப எவனுக்குத் தெரியும்? பதினாலும் போட்டுக்க அண்ணாத்தே."

அன்றே பட்டணத்துக்கு ரயில் ஏறினார். பொங்கலன்றும் ஊசி, மாட்டுப் பொங்கலன்றும் ஊசி. வயிறு பூசணிக்காய் மாதிரி வீங்கியது. பாடியில் அவர் இடத்துக்கு நான்காம் நாளே ஆள் போட்டுவிட்டார்கள்.

ஓட்டுப் போடும் நாள் ஒன்பதாவது ஊசி. போட்டுக்கொண்டு திரும்பி, வேட்டியைத் தொப்புளுக்குக் கீழே தளர்த்திக் கட்டிக்கொண்டு மத்தியான வெயிலில் வரிசையில் நின்றார். சாவடிக்குச் சற்றுத் தள்ளிச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த பரந்தாமன் கையைத் தூக்கி, "அண்ணாத்தே, உன் பிரச்சினைய தீத்து வெச்சுட்டோம். மறந்துடாதே" என்றார். வீராசாமி மறக்கவில்லை என்று தலையை ஆட்டினார்.

வீடு திரும்பியதும் எல்லம்மா கேட்டாள், "யாருக்குய்யா குத்தின?"

வீராசாமி பாயில் மெல்லச் சாய்ந்தார்.

"சீட்டுல எல்லாச் சின்னத்தையும் பாத்தேன். எனக்கோசரம் எட்டு நாளு கட்டின எடத்துல இருந்தது அந்தச் செவல ஒண்ணுதான். அது பேர அதுல போடலியே, எல்லம்மா."