மைத்துனனை வெட்டிய படம்

கார் மோதியதில் என் முழங்கால் நொறுங்கி, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாமல் போனது. தென்காசி நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டேன். குறுக்கு விசாரணையில் காப்பீட்டு நிறுவன வக்கீல் ஒரு படத்தை நீட்டினார். விபத்துக்குப் பின் குற்றால அருவியில் சினிமா நாயகன் மாதிரி நிற்கிறேன். நானே பெருமையாக வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்.

“கால் முடியாதவர் எப்படி நின்னீங்க?”

“மைத்துனன் இடுப்பைப் பிடிச்சிருந்தான் ஐயா.”

“படத்துல ஆளைக் காணோமே?”

அழகு கெடுகிறதென்று அவனை வெட்டியதே நான்தான். ஆனாலும் வழக்கை விடுவதாக இல்லை. முழுப் படம் அவன் செல்போனில் இருந்தது. அவனிடமே போய் நின்றேன்.

“என்னய வெட்டுனீயள்லா அத்தான், இப்பம் சாட்சிக்கு மட்டும் நான் வேணுமாக்கும்?”

“வேணும்லே. படத்தோட வா.”

அடுத்த வாய்தாவில் கூண்டேறி முழுப் படத்தைக் காட்டினான். அதில் என்னைவிட அவன்தான் அழகு. இருக்கட்டும், என் கால் ஜெயித்தால் போதும்.