இடப்பக்கத்து சீட்

என் ஐம்பத்திரண்டாவது வயதில் எனக்கென்று ஒரு கார் வந்தது. புதுசு இல்லை. வாழப்பாடியில் ஒரு பாக்கு வியாபாரி ஏழு வருஷம் ஓட்டிய சின்ன எஸ்யூவி. ஆனால் சாவியைக் கையில் வாங்கிய அன்று எனக்கு இருந்த குதூகலம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. இதை என் வீட்டுக்காரர் காதுபடவே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அவர் லாரி டிரைவர். முப்பத்தெட்டு வருஷம் நேஷனல் பெர்மிட் வண்டி ஓட்டியவர். எங்கள் ஊர் எருமப்பட்டிப் பக்கம். இங்கே வீட்டுக்கு ஒருவர் லாரியிலோ போர்வெல் போடும் ரிக் வண்டியிலோ இருப்பார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். லைசென்ஸ் எடுத்து இருபது வருஷம் ஆகிறது. எடுத்து என்ன பயன்? இவர் ஊரில் இருந்தால் ஸ்டீயரிங்கை இன்னொருவர் தொட விடமாட்டார். ஊரில் இல்லாவிட்டால் வண்டியே இருக்காது.

போன வருஷம் சர்க்கரை வியாதி அவர் கண்ணில் கை வைத்தது. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. ஓரங்கள் மட்டும் தெரியும். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் கண் டாக்டர், மாதம் ஒரு ஊசி கண்ணுக்குள் போட வேண்டும், விட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்றார். வண்டி ஓட்டுவதைப் பற்றி இனி நினைக்கவே கூடாது என்றும் சொன்னார்.

முதல் ஊசிக்கு வாடகைக் காரில் போனோம். இவர் பின்சீட்டில் உட்கார்ந்து வழிநெடுக அந்த டிரைவரை நொட்டை சொல்லிக்கொண்டே வந்தார். இறக்கிவிடும்போது அந்த டிரைவர் எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இனிமேல் வேறு ஆளைப் பாருங்கள் என்று போய்விட்டார். அடுத்த மாதம் இவர் கிளம்பவே மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"மூட்டையாட்டம் என்னைய ஏத்தி எறக்க வேண்டாம், புள்ள. கண்ணு போனாப் போவுது" என்றார்.

அந்த மாத ஊசி தவறியது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எனக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வரும். அந்தக் கோபத்தில்தான் கார் வாங்குவது என்று முடிவு செய்தேன். நானே ஓட்டுவது, இவரை நானே கூட்டிப்போவது.

சின்னக் கார் என்றதும் முகத்தைச் சுளித்தார். தரையைத் தேய்த்துக்கொண்டு போகிற வண்டியில் உட்காரமாட்டாராம், லாரி உயரத்தில் இருந்தே உலகத்தைப் பார்த்துப் பழகிவிட்டாராம். அதனால்தான் கொஞ்சம் உயரமான வண்டியாகத் தேடினேன். வாழப்பாடியில் இருக்கிறது என்று தெரிந்ததும் பஸ்ஸில் கிளம்பினோம். வண்டி பார்க்க என்றால் மட்டும் பஸ்ஸில் ஏறுவார்.

அன்று அவர் அந்தக் காரைப் பார்த்த விதத்தை நான் மறக்கமாட்டேன். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கையால் பார்த்தார். கதவு ஓரத்து ரப்பரை விலக்கி விரலால் தடவினார். நான்கு பக்கமும் மடக்கிய விரலால் தட்டிக்கொண்டே போனவர், பின்பக்க வலது கதவில் நின்றார். இன்னொரு தட்டு.

"பாய், இங்க அடிபட்டு பட்டி பாத்திருக்குது."

வியாபாரி சிரித்துவிட்டார். "ஆமாங்கய்யா. கேட்டுல இடிச்சிட்டேன். நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்."

இவர் ஆயிலை விரலில் எடுத்துத் தேய்த்து மோந்தார். வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, பானெட்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, "நல்லாப் பாத்துக்கிட்ட வண்டி. எடுத்துக்க" என்றார். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆர்.சி. யார் பேரில் என்று வியாபாரி கேட்டதற்கு, நான் வாயைத் திறக்கும் முன்பே இவர், "அம்மணி பேருக்குத்தானுங்க" என்றார்.

வியாபாரி நல்ல மனுஷர். ஏழு வருஷத்துக் குறை நிறையை ஒளிக்காமல் சொன்னார். காலையில் எஞ்சின் சூடாகும்வரை செகண்ட் கியர் முரண்டு பிடிக்கும். மேடு ஏறும்போது ஏ.சி.யை அணைத்துவிட்டால் சந்தோஷமாக ஏறும். முன்பக்க இடது ஜன்னல் ஒரு அமுக்கலுக்கு இறங்காது, இரண்டு தடவை அமுக்க வேண்டும். அவர் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: எந்த சீட்டுக்கடியிலோ ஒரு கொட்டைப்பாக்கு கிடந்தது. பிரேக் போட்டால் உருண்டு முன்னால் வரும், கிளம்பினால் பின்னால் போகும். இன்றுவரை அது எங்கள் கையில் சிக்கவில்லை.

டிரைவிங் ஸ்கூல்காரரைக் கூட வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்குப் பக்கத்து முட்டைக் குடோன் முன்னால் இருந்த காலி இடத்தில் இரண்டு வாரம் ஓட்டிப் பழகினேன். தினமும் விடிந்ததும் எழுந்து ஓடுவேன். கியர் விழும்போது ஒரு சின்னப் பெருமை வரும் பாருங்கள், அதைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் தினமும் சொல்லி அவர்களைப் படாதபாடு படுத்தினேன். இவர் வாசலில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். நான் வீட்டுக்குள் வந்ததும், "மூணாவது திருப்பத்துல கிளட்ச்ச பாதிதான் மிதிச்ச" என்பார். சரியாகத்தான் இருக்கும். அதுதான் இன்னும் எரிச்சல்.

அடுத்த ஊசி ஒரு சனிக்கிழமை. நான் புதுச்சேலை கட்டிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இவர் வெளியே வந்தார். நேராக வலப்பக்கம் வந்து, என் கதவைத் திறந்தார்.

உள்ளே நான் இருக்கிறேன். அவர் கதவைப் பிடித்தபடி நிற்கிறார். பிறகு கதவை மெல்லச் சாத்திவிட்டு, பானெட்டில் கையை ஊன்றியபடி சுற்றிப்போய் இடப்பக்கம் ஏறினார். நான் அவசரமாகச் சாவியைத் திருகினேன். நல்லவேளை, செகண்ட் கியர் முரண்டு பிடித்து என் கவனத்தைத் திருப்பியது.

நாமக்கல் தாண்டி சேலம் ரோட்டில் ஏறியதும் ஆரம்பித்தார். லாரிக்கு ஒதுங்கு, இண்டிகேட்டரை அணை, இவ்வளவு ஒட்டிப் போகாதே. அவர் வலதுகால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. ராசிபுரம் பிரிவு வருவதற்குள் ஒருதரம் கை ஹேண்ட்பிரேக் வரைக்கும் வந்துவிட்டது. நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். பாக்கு உருண்டு வந்து எங்கோ மோதியது.

"ஏனுங்க, நீங்க ஓட்டறீங்களா, நான் ஓட்டட்டுங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் உக்காந்து எத்தன வருஷமாச்சு. கிளீனரா இருக்கறப்ப உக்காந்தது" என்றார்.

"அப்ப என்னங்க பண்ணுவீங்க?"

"ஓரம் பாக்கோணும். அதுக்குத்தான கிளீனரு."

"அதையே பாருங்க. உங்களுக்கு ஓரம் தெரியுதுதானுங்களே."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜன்னல் சுவிட்சை இரண்டு தடவை அமுக்கினார். கண்ணாடி இறங்கியது. முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு இடப்பக்கத்து ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார். அதற்குப்பிறகு வந்ததெல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகள்தான். "லெப்ட்ல பைக்கு." "பைக்கு போயிருச்சு." "போலாம்." நான் எண்பதில் போனேன். மேம்பாலம் வந்ததும் நான் சொல்லாமலே ஏ.சி.யை அணைத்தார். கார் சந்தோஷமாக ஏறியது. நானும்தான்.

ஃபேர்லேண்ட்ஸில்தான் என் வீரமெல்லாம் வடிந்தது. ஆஸ்பத்திரித் தெருவில் ஒரே ஒரு இடம் காலி. ஒரு பக்கம் டிரான்ஸ்பார்மர், இன்னொரு பக்கம் யாருடையதோ புத்தம்புதுக் கார். ரிவர்ஸில்தான் விட வேண்டும். பின்னால் இரண்டு ஆட்டோக்கள் ஹாரன் அடிக்கின்றன. குடோன் முன்னால் டிரான்ஸ்பார்மர் ஏது?

"என்னால ஆகாதுங்க."

அவர் அதற்குள் இறங்கிவிட்டார். ஆட்டோக்காரர்களைக் கையைக் காட்டி நிறுத்தினார். பின்னால் போய், தலையைச் சாய்த்து, கடைக்கண்ணால் ஒரு ஓரம், இன்னொரு ஓரம் பார்த்தார். காரின் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டு.

"வரலாம், வரலாம். லெப்ட்ல ஒடிச்சு. இன்னும் ஒடிங்ணா. அப்படியே வரலாம்."

அந்தக் குரலை நான் முன்னே பின்னே கேட்டதில்லை. கிளீனராக இருந்த சின்ன வயசுக் குரல்.

"ஹோல்டான். போதுங்ணா!"

கார் நின்றது. டிரான்ஸ்பார்மருக்கும் எனக்கும் ஒரு சாண். முப்பது வருஷம் "ஏம்புள்ள" என்று கூப்பிட்ட மனுஷர் என்னை அண்ணன் ஆக்கிவிட்டார். ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவர் ஒன்றும் நடக்காததுபோல வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஆஸ்பத்திரிக்குள் போனார். ஆனால் காது சிவந்திருந்தது.

ஊசி போட்டு வெளியே வந்தபோது ஒரு கண்ணில் கட்டு. கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், கேட்கவில்லை. காரின் முன்னால் வந்ததும் பானெட்டைத் தொட்டு நின்றார். எந்தப் பக்கம் போவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் போனார். ஏறி, சுவிட்சை இரண்டு தடவை அமுக்கி, முழங்கையை வெளியே போட்டார்.

"அடுத்த மாசம் எத்தனாந்தேதின்னு கேட்டியா?"

சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். பிறகு கட்டுப் போடாத கண்ணால் ஓரம் பார்த்துவிட்டு, கதவை வெளியிலிருந்து இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்டு, போலாங்ணா" என்றார். இந்தத் தடவை தெரிந்தேதான் சொன்னார்.