கழுத்தைத் தடவிப் பார்த்தவர்

எண்பதுகளில் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடை வைத்திருந்தேன். ஆடி மாதம் ஒகேனக்கல் போகிற கூட்டத்தில் பஸ் கிடைக்காதவர்கள் மாட்டுவண்டி பிடிப்பார்கள். ஒருவர் மட்டும், பஸ்ஸில் இடம் இருந்தாலும் வண்டிக்குத்தான் வருவார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒல்லியான ஆள், காதோரம் நரை, வெள்ளை அரைக்கைச் சட்டை. அந்த ஆடி முழுக்க ஞாயிறுதோறும் வந்தார். ஏறுவதற்கு முன் நுகத்தடியைத் தூக்கச் சொல்லி, மாட்டின் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். புண் இருந்தால் பேசாமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். சந்தையில் தரகன்தான் அப்படித் தடவுவான். மாடு திருட வந்தவனும் தடவுவான்.

"மாட்டு டாக்டருடா. புண்ணு இருந்தா போலீசுக்கு எழுதிக் குடுத்துருவாரு" என்று வண்டிக்காரர்கள் கிசுகிசுத்தார்கள்.

டீ கொடுக்கும்போது கேட்டே விட்டேன்.

"சாரு மாட்டு டாக்டருங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்குங்க தடவறீங்க?"

"புண்ணோட இழுத்த மாட்டு வண்டில போயி ஆத்துல எறங்கினா, குளிச்ச மாதிரியே இருக்காதுங்க."

இதற்காகவா ஒருவன் இவ்வளவு மெனக்கெடுவான்? நான் நம்பவில்லை.

அடுத்த ஆடிக்கு எல்லா நுகத்தடியிலும் சாக்கு சுற்றியிருந்தது. புண்பட்ட மாடுகள் வீட்டிலேயே நின்றன. அவர் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. வண்டிக்காரர்கள் மட்டும் வாரம் தவறாமல் என்னிடம் விசாரிப்பார்கள்: "டாக்டரு இன்னிக்கு வருவாருங்களா?"

அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டாக்டர் இல்லை என்று அவரே சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"வந்தாலும் வருவாருங்க" என்பேன்.