வாய்க்காலுக்கு வழி விட்ட உங்கள் அத்தை

என் பிள்ளைகளே, அத்தையின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களே, தெருக்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் பத்தாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. கூடப் பிறந்தவன் எழுதினால்தான் முறை என்று வீட்டில் சொன்னதால் எழுதுகிறேன்.

அத்தை பிறந்தது கடலூர் முதுநகரில். உங்கள் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அத்தையைச் சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்தோம். அங்கே மாமா சீக்கிரமே நோயில் போய்விட்டார். பிள்ளையும் இல்லை. தையல் மெஷினை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு நம் தெருவுக்கே வந்துவிட்டார். வீட்டு முன்னால் தகரக் கொட்டகை போட்டு ஜாக்கெட் தைத்தார். யாரிடமும் கை நீட்டியதில்லை. உங்கள் பள்ளிச் சீருடை எல்லாம் அந்தக் கொட்டகையில் தைத்ததுதான்.

மழைக்காலத்தில் நம் தெரு இருந்த லட்சணம் உங்களுக்குத் தெரியும். புது வடிகால் போடப் போகிறோம், எந்தப் பக்கம் போகலாம் என்று குடியிருப்பவர்களே பேசிச் சொல்லுங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது, கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். ஆண்கள் நாலைந்து பேர் மாறி மாறிக் கத்தினோம். பெண்கள் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒன்றும் முடிவாகவில்லை. வெளியே வந்ததும் அத்தை சொன்னார், "மண்டபத்துல தண்ணியே நிக்கில. அங்க உக்காந்து என்னத்தப் பேசுறது? காலையில கொழாயடிக்கு வாங்க."

குழாயடியில் அவர் ஒரு முறை வைத்தார். யாருடைய குடம் குழாய்க்குக் கீழே இருக்கிறதோ அவர் பேசலாம். குடம் நிறைகிற வரைக்கும் மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. நிறைந்தால் அடுத்தவர். பேசுகிற ஆண்களும் குடம் தூக்கி வர வேண்டும். எதிர்வீட்டு தேவராஜ் மாமா முதல் நாள் பெரிய டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். "மச்சான், இது நெறையறதுக்குள்ள நான் கல்யாணப் பத்திரிகையே படிச்சி முடிச்சிடுவேன்" என்று என்னிடம் கண்ணடித்தார். அத்தை டிரம்மைத் திருப்பி அனுப்பினார். ஒருநாள் பொறியாளர் வந்தார். வந்தவுடன் பேச ஆரம்பித்தார். "சார், கொடம் இல்லாம பேசக் கூடாதுங்க" என்றது ஒரு குரல். அத்தை தன் பிளாஸ்டிக் குடத்தைக் கொடுத்தார். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துத்தான் பேசினார்.

இப்படிப் பேசிப் பேசி, தையல் சாக்கட்டியால் சிமெண்டுத் தரையில் அத்தை தெருவையே வரைந்தார். யார் வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஏறும், எந்தப் பக்கம் சரிவு என்று ஒவ்வொருவரும் காட்டினார்கள். கடைசியில் வடிகால் போகும் கோடு முடிவானது. அதைப் பார்த்து எங்களுக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை.

பொறியாளர் அந்தக் கோட்டை ஒப்புக்கொள்ள வருவதற்கு இரண்டு நாள் முன்னால், பின்தெருவில் வாடகைக்கு இருக்கும் ஜமீலா ஜாக்கெட் வாங்க வந்தார். குழாயடியில் நின்று தரையைப் பார்த்தார்.

"அக்கா, படம் நல்லாத்தான் இருக்கு. இந்தக் கோடு எங்க வாசல்ல வந்து நின்னுடுதே. அதுக்கப்புறம் தண்ணி எங்க போவும், எங்க கட்டிலுக்கு அடியிலயா?"

பின்தெருவுக்கு வேறு குழாய். அவர்களுக்குத் தண்ணீர் மாலையில் வரும். அதனால் அவர்களில் ஒருவர்கூட எங்கள் காலைக் கூட்டத்துக்கு வந்ததில்லை. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவும் இல்லை. இன்னொன்றும் இருந்தது. தண்ணீர் ஆற்றுக்குப் போக ஒரு பழைய வாய்க்கால் இருந்தது. அதன் மேல்தான் அத்தையின் கொட்டகையும் வேறு சிலரின் முன்கட்டும் நின்றன. காலைக் குழாயில் குடம் வைத்தவர்கள் அந்த வீட்டுக்காரர்கள். வாய்க்காலைத் திறக்கலாம் என்று யார் சொல்வார்கள்?

நான்தான் சொன்னேன், "அக்கா, நாளன்னைக்கு எஞ்சினியர் வராரு. இப்பப் போயி மாத்துனா நம்மளக் கேனைன்னு நெனைப்பாங்க."

"நெனைக்கட்டும்டா. வூட்டுக்குள்ள தண்ணி வந்தா ஜமீலா நம்மள என்னன்னு நெனைக்கும்?"

அன்று மாலையே பின்தெருக் குழாயடிக்குப் போய் நின்றார். மறுநாள் காலையில் அவர்களையும் கூட்டி வந்தார். காலிக் குடத்தோடு அவர்கள் வந்ததும், தண்ணீரில் பங்கு கேட்க வந்துவிட்டார்கள் என்று முணுமுணுப்பு. "தண்ணி புடிக்க வரல, பேச வந்துருக்காங்க" என்று அத்தை தன் குடத்தை முதலில் வைத்தார்.

"எங்கொட்டாய் வாய்க்கா மேல நிக்கிது. நான் எடுத்துடுறேன். மத்தவங்க அவங்கவங்க சொல்லுங்க."

குடம் நிறைந்து வழிந்தது. அடுத்த குடத்தை யாரும் வைக்கவில்லை. பிறகு தேவராஜ் மாமா, முறையை மறந்து, "நீ ஒண்டிக்கட்டை, எடுத்துடுவ. எங்க பாத்ரூம் அங்கதான் இருக்கு. பொண்ணு புள்ளைங்கள எங்க அனுப்புறது?" என்று கத்தினார். அத்தை அவரைத் திட்டவில்லை. "அதுவும் நாயந்தான் மாமா" என்றார்.

சண்டையோடு சண்டையாக ஒவ்வொருவராகச் சம்மதித்தார்கள். பொறியாளரைக் கெஞ்சி, வருகையைத் தள்ளி வைத்தோம். பழைய வாய்க்கால் திறந்தது. தேவராஜ் மாமாவின் குளியலறை மட்டும் நின்றது. வடிகால் அதைச் சுற்றி வளைந்து போனது. அத்தையின் மெஷின் அவர் படுக்கிற அறைக்குள் போனது. பகலிலும் டியூப்லைட் போட்டுத் தைத்தார். தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாததால் வாடிக்கை குறைந்தது.

போன மழைக்காலத்தில் அத்தை ஆஸ்பத்திரியில் இருந்தார். பேசவே சிரமம். "பின்தெருவுல தண்ணி நிக்கிதா?" என்று கேட்டார். நான் மழையில் போய் செல்போனில் வீடியோ எடுத்து வந்து காட்டினேன். ஜமீலா வாசல் காய்ந்திருந்தது. அத்தை இரண்டாவது தடவையும் போடச் சொல்லிப் பார்த்தார். "அந்தப் பாத்ரூம் வளைவுல தேங்குது பாரு. சொல்லி வை" என்றார். அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை.

எங்களுக்கு ஆறுதலாக இருந்த பங்குத்தந்தைக்கும், அருட்சகோதரிகளுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டு வந்த ஜமீலாவுக்கும் பின்தெருக் குடும்பங்களுக்கும், அத்தையை ஒவ்வொரு தடவையும் தன் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன தேவராஜ் மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

திருப்பலி முடிந்ததும் நம் வீட்டில் சாப்பாடு. அதன் பிறகு அந்த வளைவை என்ன செய்வது என்று பேச தேவராஜ் மாமா வீட்டு வாசலில் உட்காருகிறோம். அவர்தான் கூப்பிட்டிருக்கிறார். பின்தெருவில் வீடு வீடாகப் போய் அவரே சொல்லிவிட்டு வந்தார். பிள்ளைகளே, நீங்களும் இருந்து பேசிவிட்டுப் போங்கள்.