எண்பத்து மூன்று நிமிட இருட்டு

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் லேப் அக்கா. பத்தொன்பது வருடமாக ரத்தம் எடுக்கிறவர். குத்தியதே தெரியவில்லையே என்று நோயாளிகள் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். குழாயில் பெயர் ஒட்டி, ஒட்டியதை இன்னொரு தடவை வாசித்த பிறகுதான் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். பின்னால் நிற்பது மந்திரியாகவே இருந்தாலும் அப்படித்தான்.

அக்காவுக்கு இருந்த ஒரே பைத்தியம் சினிமா. பள்ளிக்கூட நாளில் படக்கதை சொல்லச் சொன்னால் சென்சார் சான்றிதழிலிருந்து ஆரம்பிப்பார். கேட்கிற பெண்களுக்குக் கொட்டாவி வந்தாலும் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியல்வரை விடமாட்டார். எதையும் பாதியில் விட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஊரில் வருடாவருடம் நடக்கும் சுயாதீனத் திரைப்பட விழாவின் செயலாளர் ஒருநாள் சர்க்கரை பரிசோதனைக்கு வந்தார். வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றவரின் காதில், முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு அக்கா ஒரு படத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தது விழுந்தது. போன வருடம் ஒரு பத்திரிகை, இந்த விழாவின் விருதுகள் நாலு வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகின்றன என்று எழுதிவிட்டிருந்தது. அந்த வாயை அடைக்கப் பொதுமக்கள் தரப்பிலிருந்து ஒரு நடுவரைப் போடுவதென்று குழு முடிவு செய்திருந்த நேரம். ஒப்புக்குச் சப்பாணி தேடிக்கொண்டிருந்தவருக்கு, ஊசியும் கையுமாக ஒருத்தர் எதிரிலேயே நின்றார்.

"உங்களை மாதிரி சாதாரண ஜனங்கதான் எங்களுக்கு வேணும்" என்றார், கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே.

"எத்தனை படம் சார்?"

"முப்பத்தெட்டு. எல்லாத்தையும் பாக்கணும்னு இல்ல. சும்மா ஒரு நோட்டம் விட்டா போதும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அக்கா மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் பகல் இரண்டு மணி ஷிப்டுக்கு மாறிக்கொண்டு, விழாக்காரர்கள் கொடுத்த பென் டிரைவைச் செருகி, காலை முழுக்க முன்னறை டிவியின் முன் உட்கார்ந்தார். ஒரு நோட்டில் லேப் ரிப்போர்ட் போலவே கட்டம் போட்டார்: படம், நீளம், நடிப்பு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, குறிப்பு. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அவர் கணவர், காலை டிரிப் முடிந்து வந்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அவருடைய விமர்சனம் பெரும்பாலும் குறட்டைதான்.

முப்பத்தொன்றாவது படத்தில்தான் வினை வந்தது. இரண்டு மணி பத்து நிமிடப் படம். ஒருவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தார்ச்சாலையில் நடக்கிறான். நடந்துகொண்டே இருக்கிறான். நாற்பத்தேழாவது நிமிடத்தில் திரை கறுத்தது. சத்தமும் நின்றது. கணவர் எழுந்து டிவியின் முதுகில் தட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப ஏதாவது வரும் என்று மிச்சமிருந்த எண்பத்து மூன்று நிமிடமும் அக்கா கறுப்புத் திரையைப் பார்த்தபடியே இருந்தார். மறுநாள் லேப் கம்ப்யூட்டரில் போட்டாலும் அதே இடம், அதே இருட்டு.

"இதுவரைக்கும் வந்ததிலேயே இதுதான் நல்ல படம். அசந்து தூங்கினேன்" என்றார் கணவர்.

அக்கா செயலாளருக்கு இரண்டு தடவை போன் செய்தார். ஃபைல் கெட்டிருக்கிறது, வேறு காப்பி வேண்டும் என்றார். இரண்டு தடவையும் உடனே அனுப்பச் சொல்கிறேன் என்று பதில் வந்தது. காப்பி வரவில்லை.

நடுவர் கூட்டம் சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் செயலாளரின் மாடி அலுவலகத்தில் நடந்தது. அக்கா பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். நடுவர் குழுத் தலைவர் பத்தே முக்காலுக்கு வந்தார். ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு இருபத்திரண்டு வருடமாக அடுத்த படத்துக்கு யோசித்துக்கொண்டிருக்கும் இயக்குநர். மூன்றாமவர் பேராசிரியர். தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட அடிக்குறிப்போடு கேட்கிறவர்.

முதலில் சின்ன விருதுகள். இருவரும் பொத்தாம்பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தலைவர் அக்காவின் நோட்டை இழுத்துப் புரட்டி, நான் நினைத்ததையே எழுதியிருக்கிறீர்களே என்றார். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று பேராசிரியரும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, நடிப்பு எல்லாம் மளமளவென்று முடிந்தன. எல்லாம் அந்த நோட்டில் இருந்தபடியே. இரண்டு பேரும் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்தவர் பரீட்சையைத் தானே உட்கார்ந்து எழுதிக்கொடுத்த மாதிரி இருந்தது.

கடைசியாக, சிறந்த படம். அக்கா ஒரு பத்தொன்பது நிமிடக் குறும்படத்தைச் சொன்னார். காது மந்தமான அப்பாவுக்கு மகள் காதுக்கருவி மாட்டிவிடுகிறாள். வருடக்கணக்கில் கேட்காமலிருந்த அவள் குரலைக் கேட்டதும், "நீ இவ்வளவு கோபமாவா பேசுவே?" என்கிறார் அப்பா. அவ்வளவுதான் படம்.

செயலாளர் இருமினார். தலைவர் அந்த இருமலைப் புரிந்துகொண்டு, பெட்டியோடு நடக்கிறவன் படத்தின் பேச்சை எடுத்தார். அதன் இயக்குநர், விழாவுக்குப் படியளக்கும் பெயின்ட் கம்பெனி முதலாளியின் மருமகன்.

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். "அந்த இரண்டாம் பாதி இருட்டு இருக்கே, அதுதான் படம். பார்வையாளன் தன் முகத்தையே திரையில பாக்குறான்."

அக்காவும் அந்தக் கறுப்புத் திரையில் தன் முகத்தைப் பார்த்திருந்தார். டிவியைத் துடைக்க வேண்டும் என்றுதான் அப்போது தோன்றியது.

"அது இருட்டு இல்ல சார். ஃபைல் கெட்டுப்போயிருக்கு" என்றார்.

செயலாளர் பிஸ்கட் தட்டையே பார்த்தார். வேண்டுமானால் படம் எடுத்தவரையே கேட்கலாமே என்றார் அக்கா. வேறு வழியில்லாமல் செயலாளர் போன் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினார். இரண்டாம் பாதியில் என்ன வருகிறது என்று கேட்டதும் மருமகனின் குரல் உற்சாகமாக வந்தது.

"ஹீரோ ஊருக்குப் போய்ச் சேருவான் சார். அப்புறம் அத்தை மகளோட கல்யாணம், மூணு பாட்டு, ஒரு கோர்ட் சீன். கிளைமாக்ஸ்ல லாரி வெடிக்கும். நிஜ லாரி சார்."

குப்புற விழுந்தும் பேராசிரியர் மீசையில் மண் ஒட்டவில்லை. தன் படைப்பு இன்னதென்று படைப்பாளிக்கே தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றார். தலைவர் நியாயஸ்தரைப் போல முகத்தை வைத்துக்கொண்டார். "லாரி வெடிக்கிறதை நான் பாக்கல. பாக்காத ஒண்ணுக்கு எதிரா நான் எப்படி ஓட்டுப் போடுறது?"

நல்ல காப்பியை வரவழைத்து இப்போதே உட்கார்ந்து பார்க்கலாம் என்று அக்கா கெஞ்சாத குறையாகச் சொன்னார். தலைவருக்கு ஒரு விருந்து இருந்தது. பேராசிரியருக்கு ஒரு தொடக்க விழா. செயலாளர்தான் கடைசியில் உள்ளதைச் சொன்னார்: ஷீல்டில் நேற்றே பெயர் பொறித்தாகிவிட்டது.

'ஒருமனதாக' என்று அச்சடித்த தாள் கையெழுத்துக்கு வந்தது. இருவரும் போட்ட பிறகு அக்கா பேனாவை வாங்கினார். தன் பெயருக்கு நேரே, லேபில் எழுதுகிற அதே நிதானமான கையெழுத்தில், 'மாதிரி போதவில்லை, முடிவு சொல்ல இயலாது' என்று எழுதித் தேதியும் போட்டார்.

"என்னக்கா இப்படி எழுதிட்டீங்க?" என்றார் செயலாளர்.

"அரைக்குழாய் ரத்தத்துக்கு முழு ரிசல்ட் குடுத்தா, எங்க லேப்ல அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க சார்."

சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினார். பஸ்சில் ஏறிய பிறகுதான் நோட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை.

விருது விழாவில் அக்காவும் கணவரும் ஒன்பதாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருமனதாக என்றுதான் மேடையில் வாசித்தார்கள். 'எண்பத்து மூன்று நிமிட இருட்டைத் துணிந்து திரையில் வைத்ததற்காக' என்று பாராட்டுரை வந்தபோது மருமகனின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு சுதாரித்துக்கொண்டு, நெஞ்சில் கைவைத்து, இருட்டுதான் தன் கதாநாயகன் என்றார். டீ இடைவேளைக்குப் பிறகு படத்தைத் திரையிட்டார்கள். கல்யாணமும் இல்லை, கோர்ட்டும் இல்லை, லாரியும் இல்லை. டீ நேரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து அத்தனையையும் அவரே வெட்டி எறிந்திருந்தார். இருட்டில் முந்நூறு பேர் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் எழுந்து பாமரன் என்று பேர் வாங்க யாருக்கும் தைரியம் இல்லை. முடிந்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. அத்தை மகளாக நடித்த பெண் மட்டும் விருட்டென்று எழுந்து போனாள்.

காதுக்கருவிப் படத்துக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. அதை எடுத்த பெண் வெளியே போஸ்டரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அவளிடம் போய், உன் படம் எனக்குப் பிடித்தது என்று ஆரம்பித்து, முதல் ஷாட்டிலிருந்து வரிசையாகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. விழா நடந்த இந்தப் பத்து நாளில் ஒருவர்கூட அவளிடம் படத்தைப் பற்றிப் பேசவில்லையாம்.

"ஆனா அந்தக் கடைசி மழைச் சத்தம் பொய்ம்மா. வெளியில தரை காஞ்சு கிடக்கு" என்றார் அக்கா.

கலங்கிய கண் சட்டென்று காய்ந்தது. அது அப்பாவின் மனசுக்குள் கேட்கிற மழை என்றாள். மனசுக்குள் பெய்தால் ஜன்னலை ஏன் சாத்துகிறார் என்று கேட்டார் அக்கா. அவளும் விடவில்லை, அக்காவும் விடவில்லை. கணவர் பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்று அலுத்து, திரும்பி வந்து பார்த்தபோது, இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டாவது ஷாட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.