கையெழுத்து இல்லாத புரூஃப்

அந்த வருடம் ஐப்பசி பிறக்கும்வரை திருச்சுழிப் பக்கம் ஒரு நல்ல மழை இல்லை. அதனால் தை மாதம் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவரைவிட்டுப் போகவே இல்லை. நிறம் வெளுத்தது, ஓரம் சுருண்டது, எழுத்து மட்டும் அப்படியே நின்றது. அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போகிறபோதெல்லாம், ரேஷன் கடைச் சுவர் வருகிற இடத்தில் தங்கபாண்டி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். அந்தச் சுவரில் ஜாபேஸ் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் படத்துக்குக் கீழே, தோற்றம் என்ற சொல்லுக்கு நேரே, ஒரு தவறான தேதி இருந்தது. அதை அடித்தது தங்கபாண்டியின் கை.

அருப்புக்கோட்டையில் இனாயத்துல்லாவின் அச்சகத்தில் அவர் இருபத்துமூன்று வருடமாக டிசைனர். அதற்கு முன் ஒரு விசைத்தறிக் கூடத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்தவர். கம்ப்யூட்டர் வகுப்பு எதற்கும் போனதில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, தமிழ் எழுத்து எந்த விசையில் இருக்கிறது என்று சிகரெட் அட்டையில் குறித்துவைத்துப் பழகினார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பிளெக்ஸ், கோயில் கொடை நோட்டீஸ், அஞ்சலி போஸ்டர் என்று இந்தத் தாலுகாவின் நல்லது கெட்டது எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் சுவருக்குப் போனது.

அவரிடம் ஒரு விதி உண்டு. எந்த வேலையானாலும் அச்சுப் பிளேட்டுக்குப் போகும் முன் அந்த வீட்டார் ஒருவர் பிழை பார்க்கிற புரூஃப் தாளைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சாவு வீடானாலும் அப்படித்தான். ஒருமுறை, அழுதுகொண்டிருந்த மகனிடம் பேனாவை நீட்டினார் என்று ஊரில் அவரைத் திட்டினார்கள். ஆனால் அந்த மகன்தான் தன் அத்தை பெயர் விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்தான்.

ஜாபேஸ் அவருக்கு அடுத்த கம்ப்யூட்டரில் மூன்று வருடம் வேலை செய்தவன். வாரக் கடைசியில் கிதாரைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போய்விடுவான். அங்கே அவனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து 'விலக்கு' என்று ஒரு இசைக் குழு வைத்திருந்தார்கள். அவர்கள் வாசித்தது இண்டி ராக். பெரிய கம்பெனி எதையும் நம்பாமல், தாங்களே எழுதி, தாங்களே பதிந்து, தாங்களே வெளியிடுகிற ராக் இசை என்று ஜாபேஸ் விளக்கியிருந்தான். தங்கபாண்டிக்கு அந்தச் சத்தம் பிடிபடவில்லை. அவன் காட்டுகிற இசைத்தட்டு உறைகளைப் பார்த்து, "ஏலே, இதுல டிசைன் எங்கலே?" என்று கேட்பார். அவன் சிரிப்பான்.

ஒரு தை மாதக் காலையில், பந்தல்குடிக்கு இந்தப் பக்கம் நான்கு வழிச்சாலையில், அவன் இரவல் வாங்கிப் போன பைக் லாரியின் பின்னால் மோதி, அங்கேயே போய்விட்டான். செய்தி வந்தபோது மணி பதினொன்று. பொழுது சாய்வதற்குள் போஸ்டர் ஒட்டியாக வேண்டும். அச்சகத்தில் இருந்த அத்தனை பேரும் தங்கபாண்டிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அவனுடைய ஆதார் நகல் ஆபீஸ் கோப்பில் இருந்தது. அதிலிருந்த தேதியைப் போட்டார். கையெழுத்துக்கு யாரையும் தேடவில்லை. நம்ம பையன், நமக்குத் தெரியாததா என்று நினைத்துவிட்டார். இருபத்துமூன்று வருடத்தில் கையெழுத்து இல்லாமல் பிளேட்டுக்குப் போன ஒரே புரூஃப் அதுதான்.

ஒரு மாதம் கழித்து ஜாபேஸின் அம்மா ஞானப்பூ அச்சகத்துக்கு வந்தாள். திருச்சுழிக்கு அப்பால், நரிக்குடி ரோட்டில் ஒரு கிராமத்தில் சத்துணவு சமைக்கிறவள். துணிப்பையிலிருந்து மடித்த போஸ்டரை எடுத்து மேசையில் விரித்தாள்.

"இது அவன் பொறந்த தேதி இல்ல தம்பி. வயசு பத்தலைன்னு பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியார் போட்டது."

தங்கபாண்டி எழுந்து நின்றார்.

"இல்லாத அஞ்சு மாசத்தக் கூடக் குடுத்துட்டீக" என்றாள். திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "வேற எதும் அவனுக்காக அச்சடிச்சா, சரியாப் போடுங்க." போஸ்டரை வந்த மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சரியான தேதி எது என்று கேட்கத் தங்கபாண்டிக்கு வாய் வரவில்லை.

அடுத்த வருடம் பங்குனியில் பிரவீணா வந்தாள். குழுவில் பாடுகிற பெண், மதுரைக்காரி. ஜாபேஸ் உயிரோடு இருந்தபோது பதிந்த எட்டுப் பாட்டும் இசைத்தட்டாக வரப்போகிறது, முந்நூறு தட்டு மட்டும் என்றாள். தொகுப்பின் பெயர் 'ஏழு நாப்பது'. அவன் தினமும் காலையில் வேலைக்கு வந்த பஸ்ஸின் நேரம். உறைக்கு அவனே செல்போனில் எடுத்த படம் ஒன்று இருந்தது. கிராமத்து ரோடு பிரிகிற விலக்கில் நிற்கிற நிழற்குடை, ஆள் இல்லாத சிமெண்ட் பெஞ்சு, பின்னால் உழுது போட்ட கரிசல். தூரத்தில் வானைத் தொடுகிற நிலக்கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக, கலங்கலாக இருந்தது.

"நீங்கதான் செய்யணும்ணே" என்றாள்.

தங்கபாண்டி நான்கு நாள் உட்கார்ந்தார். சாய்ந்த நிலக்கோட்டை நேராக்கினார். புள்ளிகளைத் துடைத்தார். மங்கிய வானத்துக்கு நீலம் கொடுத்தார். நிழற்குடைக்கு மேலே மேகத்துக்கு நடுவில் ஜாபேஸின் முகத்தை வெட்டி வைத்தார். தலைப்பைத் தங்க நிறத்தில், நிழல் விழ, உறையின் அகலத்துக்குப் போட்டார். கீழே காலியாக இருந்த இடத்தில் இரண்டு புறாக்களை விட்டார்.

பிரவீணா திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்குண்ணே" என்றாள். பிறகு, "ஆனா இது போஸ்டருண்ணே" என்றாள்.

அவள் தயங்கித் தயங்கித் தன் செல்போனை நீட்டினாள். ஜாபேஸ் எப்போதோ அவளுக்கு அனுப்பியிருந்த செய்தி அது. "கவர் தங்கபாண்டி அண்ணன்தான் பண்ணணும். என் மூஞ்சி வேணாம். அண்ணன் படத்தத் தொடச்சு வெள்ளையடிச்சிராமப் பாத்துக்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. தன் கையை இந்தப் பையன் எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறான் என்று நினைத்தார். தனக்கோ அவன் பிறந்த தேதிகூடத் தெரியவில்லை.

ஜாபேஸ் சேர்த்துவைத்திருந்த இசைத்தட்டுகள் பிரவீணாவிடம் இருந்தன. பதினான்கு. அத்தனையையும் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தாள். தங்கபாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சகத்தைத் திறந்து, பைண்டிங் மேசையில் அவற்றைப் பரப்பி, ஸ்கேலை எடுத்து அளக்க ஆரம்பித்தார். அளக்காத எதையும் அவர் நம்புவதில்லை. பதினான்கில் பத்தில் பாடுகிறவர்களின் முகம் இல்லை. நான்கில் முன்பக்கம் பெயரே இல்லை. தலைப்பு எழுத்து எதிலும் அரை அங்குலத்தைத் தாண்டவில்லை. படம் நடுவில் உட்காரவில்லை, ஒதுங்கியே இருந்தது. அட்டை பளபளக்கவில்லை. புதுப் படத்தைக்கூடப் பழைய படம் மாதிரி மங்கவிட்டிருந்தார்கள். பாட்டு வரிகள் உள்தாளில், கையால் எழுதினதுபோல. யார் எந்த வாத்தியம் வாசித்தார்கள், எந்த ஊரில் பதிந்தார்கள் என்பது பின்பக்கம் சின்ன எழுத்தில். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். எழுதி முடித்தபோது, சோம்பேறித்தனம் என்று தான் நினைத்திருந்ததில் இத்தனை ஒழுங்கு இருக்கிறதே என்று திகைப்பாக இருந்தது.

தவிர, இது அவருக்கு முழுக்கப் புதிதும் இல்லை. முதலாளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளை இத்தனை வருடமும் அவர்தான் செய்கிறார். முகம் கிடையாது, உருவம் கிடையாது. எழுத்தும் பிறையும் நாலு பக்கமும் விட்ட வெள்ளையும்தான். அதில் ஏதோ குறைகிறது என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றியதில்லை.

திங்கட்கிழமை புது உறையை இனாயத்துல்லா எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கபாண்டி, முக்காவாசி அட்ட சும்மா கெடக்கு? மனை விக்கிற நோட்டீஸா?"

"அப்படித்தான் பாய் இருக்கணும்."

"நம்ம கஸ்டமருக்கிட்ட இப்படிக் குடுத்தோம்னா, மிச்ச எடத்துல மாமன் மச்சான் பேரப் போடுன்னு சண்டைக்கு வந்துருவான்." சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "அந்த பெஞ்சுல யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி இருக்குய்யா" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உறை சிவகாசியில் அச்சாகப் போகிறது. மினுக்கில்லாத சாம்பல் அட்டை மையைக் குடிக்கும், புள்ளி பரவும், கரிசல் வெறும் கறுப்பாகப் போய்விடும் என்று தங்கபாண்டிக்குத் தெரியும். மட்ட அட்டையில் ஆயிரம் பத்திரிகை அடித்த பாடம். படத்தின் இருட்டை மட்டும் அளந்து குறைத்தார். உழவுசால் தெரிந்தது. நிலக்கோட்டை ஜாபேஸ் எடுத்த சாய்விலேயே விட்டார். கை பலமுறை அதை நேராக்கப் போனது.

ஒரு இடம் மட்டும் பாக்கி நின்றது. உறையின் முதுகு. மூன்று மில்லிமீட்டர் அகலம். தட்டை அலமாரியில் செருகினால் வெளியே தெரிவது அது ஒன்றுதான். வெளியிடுகிறவர்கள் தங்கள் வரிசை எண்ணை அங்கே போடுவது வழக்கம். "நமக்கு இதுதான மொதத் தட்டு, நீங்களே ஏதாச்சும் நம்பர் போட்டுருங்கண்ணே" என்றிருந்தாள் பிரவீணா. தங்கபாண்டி போடவில்லை. முழு அளவில் ஒரு மாதிரி உறையை உள்தாளோடு அடித்து, மடித்து ஒட்டி, முதுகைக் காலியாக வைத்துக்கொண்டு சனிக்கிழமை நரிக்குடி பஸ் ஏறினார்.

ஞானப்பூ வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்துவிட்டு, சேலையில் கையைத் துடைத்து, உறையை இரண்டு கையாலும் வாங்கினாள். முன்பக்கம் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் வந்தாள்.

"எம்புள்ள எங்க?"

"மூஞ்சி வேணாம்னு அவனே எழுதி வச்சிருக்கான் அக்கா." பிரவீணா தனக்கு அனுப்பிவைத்திருந்த அந்தச் செய்தியைக் காட்டினார். அவள் உதடு அசையப் படித்தாள். வெள்ளையடிப்பது பற்றிய வரியில் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களச் சரியாத்தான் தெரிஞ்சு வச்சிருக்கான்."

"ஆமாக்கா."

"இந்த பெஞ்சுலதான் உக்காருவான்" என்றாள் பிறகு. "பஸ்ஸு வாரது தெரிஞ்சாலும் எந்திரிக்க மாட்டான். பக்கத்துல வந்து நின்னப்பறந்தான் எந்திரிப்பான். கண்டக்டரு தெனமும் ஏசுவாரு." விரலை நிலக்கோட்டின் மேல் வைத்தாள். "ஏன் கோணலாக் கெடக்கு?"

"அவன் எடுத்தபடி விட்டுட்டேன்."

"நேராக்கத் தெரியாதா?"

"தெரியும் அக்கா. நேராக்கினேன். அப்புறம் பழையபடி மாத்திட்டேன்."

அவள் உறையைத் திருப்பி, பின்பக்கத்தில் மகன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள். ஜாபேஸ், கிதார், குரல். அவ்வளவுதான் இருந்தது.

"தேதி?"

இதற்குத்தான் அவர் வந்திருந்தார். முதுகைக் காட்டினார். இதுபோன்ற தட்டுகளின் முன்பக்கம் தேதி போடுவதில்லை என்றும், ஆனால் இந்த இடத்தில் ஆறு இலக்கம் நிற்கும் என்றும், தெரியாதவர்களுக்கு அது வெறும் நம்பர் என்றும் சொன்னார். அலமாரியில் இருக்கிறவரைக்கும் அது வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் என்றார். பிறகு, ஒரு வருடத்துக்கு மேலாகக் கேட்காமல் இருந்ததைக் கேட்டார்.

"அவன் பொறந்தது எப்ப அக்கா?"

ஞானப்பூ சுளகில் இருந்த கல்லொன்றைப் பொறுக்கித் தூர எறிந்தாள்.

"நவம்பர் நாலு. தொண்ணூத்தேழு. செவ்வாக்கெழம, விடிஞ்சும் விடியாம. அடமழை. அருப்புக்கோட்ட ஆஸ்பத்திரிக்குப் போக முடியாம திருச்சுழியிலேயே பொறந்தான்."

தங்கபாண்டி பேனாவை எடுத்து முதுகில் எழுதினார். 041197. எழுத்து அந்த மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றது. அவள் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"போன தேதியும் போடணுமா?"

"உங்க இஷ்டம். எடம் இருக்கு."

"வேணாம்." அவள் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இறுகியது. "அவன் செத்தத ஊரு பூராப் பத்து மாசம் படிச்சாச்சு. பொறந்தத ஒருத்தரும் படிக்கல. அது மட்டும் இருக்கட்டும்."

"சரிக்கா."

அவர் பேனாவை நீட்டினார். இங்கே, இந்த ஓரத்தில், படித்துப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார். ஞானப்பூ உடனே போட்டுவிடவில்லை. முன்பக்கத்தில் ஆரம்பித்து, உள்தாளில் எட்டுப் பாட்டின் வரிகளையும், பின்பக்கத்துச் சின்ன எழுத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தங்கபாண்டி வாசலில் நின்றபடியே காத்திருந்தார். கடைசியில் உறையை மடியில் வைத்து, ஓரத்தில் தன் பெயரை முழுதாக எழுதினாள்.

"சரியா இருக்கு" என்றாள்.

திரும்புகிற பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. உறையை மடங்காமல் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். திருச்சுழியில் ரேஷன் கடைச் சுவர் வந்தபோது முகத்தைத் திருப்பவில்லை. பழைய போஸ்டர் போன வருட மழையிலேயே உரிந்துபோயிருந்தது. அந்த இடத்தில் ஒரு காதணி விழா போஸ்டர் இருந்தது. அவர் செய்ததுதான். பஸ் கடக்கிற நேரத்துக்குள் அதிலிருந்த நாள், கிழமை, நேரம் மூன்றையும் ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டார்.