புனிதவதி மிசியும் என் காரின் நடுக்கமும்

செய்தி வந்தபோது நான் ஓர் இறைப்பு இயந்திரத்தைப் பூட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் மருத்துவிச்சி புனிதவதி மிசியின் தம்பி சைக்கிளைக் கராஜ் வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். பிறகு, "குணரத்தினம் அண்ணை, அக்கா மோசம் போயிட்டா. விடியக் காலமை" என்றார்.

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். நான்கு நாட்களுக்கு முன்புதான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நீரிழிவுக்கு அவர் போட்டுவந்த ஊசி மருந்து எங்கும் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் கேட்டுப் பார்ப்போம், கார் வாசலில் நிற்கிறது, ஏறுங்கள் என்றேன். "புதன்கிழமை கிளினிக் கிடக்கு. அது முடிய வாறன்" என்றார். கிளினிக்குக்கு ஒரு தரம் வராத கர்ப்பிணியை வீடு தேடிப் போய் ஏசுகிற மனிதர் இவர். புதன்கிழமை கிளினிக்கை நடத்தி முடித்தார். வெள்ளிக்கிழமை விடியப் போய்விட்டார். இப்படிப்பட்டவரோடு ஒருவர் எப்படிக் காலந்தள்ளுவது?

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். உங்களில் பலர் அவர் கையில் பிறந்தவர்கள். பலர் அவர் கையில் பிள்ளை பெற்றவர்கள். அவருடைய சேவையைப் பற்றி எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். நான் காரைப் பற்றி எழுதுகிறேன். அது பற்றிச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் என்னிடம் கிடக்கிறது.

என்னுடைய ஏ ஃபோட்டி காரை எங்கள் கரவெட்டியில் எல்லாருக்கும் தெரியும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் கப்பலில் வந்த கார். போரில் பெற்றோல் வரத்து நின்றுபோன பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிறது. ஒரு சின்னப் போத்தலில் பொத்திவைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எங்கள் பகுதியில் பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வாகனம் இல்லாததால், மருத்துவிச்சியான மிசியும் நானும் அந்தக் காரில் மூன்று வருடங்கள் ஓடினோம். நான் முன்னால், அவர் எப்போதும் பின் ஆசனத்தில், நோவோடு இருக்கும் பெண்ணின் பக்கத்தில்.

ஒரு மாரிக்காலம் முடிந்து நான் காரைக் கழற்றிப் பூட்டிய பிறகு அது நடுங்கத் தொடங்கியது. முப்பது மைல் வேகம் வரை ஒன்றுமில்லை. முப்பதைத் தாண்டியதும் தரையில் ஓர் அதிர்வு. முப்பத்தைந்தில் அது கதவு, கண்ணாடி எல்லாவற்றிலும் ஏறி, விட்டுவிட்டு உறுமும் ஒரு சத்தமாகிவிடும். சாதாரண காலம் என்றால் சகித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சத்தம் அப்படியே தூரத்தில் ஹெலிகொப்டர் வருவதைப் போல இருந்தது. மேலிருந்து சுடும் அந்த ஹெலியின் சத்தம் கேட்டால் வாகனத்தை விட்டுக் குதித்து வாய்க்காலுக்குள் படுத்துப் பழகிய சனம் நாங்கள். காரில் ஏறியவர்கள் வேகம் கூடியதும் வானத்தைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார்கள்.

மண்ணெண்ணெய்தான் காரணம் என்றேன் நான். அந்த நாட்களில் எல்லாப் பழியையும் மண்ணெண்ணெயின் தலையில் போடலாம்.

"உது எஞ்சின் இல்லை" என்றார் மிசி, பின்னாலிருந்து.

"மிசி, நான் முப்பது வருசம் இந்த வேலை செய்யிறன்."

"செய்யிறீர்தான். ஆனா நோ எங்கையெண்டு நோகிறவளைக் கேக்கவேணும். நீர் முன்னுக்கு இருக்கிறீர். எனக்குத்தான் குதிக்காலுக்குள்ளாலை ஏறுது. நடுவிலை, தரையிலை இருக்கிற இந்த மேட்டுக்குக் கீழை."

நான் எஞ்சினைத் தாங்கும் றப்பர்களை மாற்றினேன். நடுக்கம் போகவில்லை. முன் சில்லுகளைப் பின்னுக்கும் பின் சில்லுகளை முன்னுக்கும் மாற்றினேன். அப்போதும் போகவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் மிசி பின்னாலிருந்து, கர்ப்பிணியைக் கேட்பதைப் போலவே கேட்பார்: "எப்ப தொடங்கினது? அதுக்கு முதல் என்ன செய்தனீர்? எந்த வேகத்திலை வருது, எதிலை போகுது?" தாங்க முடியாத அரியண்டம். காரின் கதவைத் திறந்து அவரை யாழ்ப்பாணம் போகும் வழியில் ஆளில்லாத வல்லைவெளியில் இறக்கிவிட்டால் என்ன என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அந்த வல்லைவெளியில்தான் ஒரு நாள் பின்னேரம், நோயாளி ஒருவரும் இல்லாமல் திரும்பி வரும்போது, "நாப்பதிலை ஓடிக்கொண்டு கியரை நியூற்றலுக்கு விட்டிட்டு எஞ்சினை நிப்பாட்டும்" என்றார்.

"விசர்க்கதை கதையாதையுங்கோ. நிப்பாட்டினால் திரும்ப ஸ்ராட் பண்ண வேணும். போத்தலிலை ரண்டு தரத்துக்குத்தான் பெற்றோல் கிடக்கு."

"ஒரு தரத்துக்குச் செலவழியும்."

அவர் வாயை மூடச் செய்வதற்காகவே நிறுத்தினேன். எஞ்சின் அடங்கியது. கார் தன்பாட்டில் உருண்டது. ஆனால் நடுக்கம் அடங்கவில்லை. முப்பதுக்குக் கீழே வேகம் இறங்கும் வரை, எஞ்சின் செத்துக்கிடக்க, அந்த உறுமல் மட்டும் எங்கள் காலடியில் தொடர்ந்தது.

"எஞ்சினும் இல்லை, சில்லும் இல்லை. ரண்டுக்கும் நடுவிலை என்ன கிடக்கு?" என்று கேட்டார் மிசி.

என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியாதா? கியர்பொக்சிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான இரும்புத் தண்டு. சாப்ற் என்போம். மாரி முடிந்ததும் அதைக் கழற்றிப் புது மூட்டுப் போட்டுப் பூட்டியது நானே. என் கையால் பூட்டியது பிழைக்காது என்பது என் எண்ணம். "பாப்பம்" என்று சொல்லிப் பேச்சை வெட்டிவிட்டேன். பார்க்கவில்லை.

இரண்டு கிழமை கழித்துத் தொண்டைமானாற்றிலிருந்து ஒரு பெண்ணை ஏற்றினோம். தலைப்பிள்ளை, இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வல்லைவெளி ஏறியதும் நான் காரை விரட்டினேன். உறுமல் எழுந்தது. பெண்ணின் தாய், "ஐயோ ஹெலி! பிள்ளையை இறக்குங்கோ!" என்று அலறியபடி ஓடுகிற காரின் கதவைத் திறந்துவிட்டார். மிசி ஒரு கையால் அந்தத் தாயின் சேலையைப் பிடித்து இழுத்து, மறு கையால் பெண்ணைத் தாங்கி, "மெல்லமா ஓடும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அங்கிருந்து யாழ்ப்பாணம் வரை இருபத்தெட்டு மைல் வேகத்தில் ஊர்ந்தேன். பின்னால் அந்தப் பெண்ணின் முனகல் குறைந்துகொண்டே வந்தது. முனகல் நின்றுவிடுமோ என்று பயந்துகொண்டே, வேகமுள் முப்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். மிசி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் பேசாமல் வந்த ஒரே பயணம் அது.

தாயும் பிள்ளையும் தப்பினார்கள். இன்னும் பத்து நிமிடம் பிந்தியிருந்தால் சொல்ல முடியாது என்றார் டொக்டர்.

மறுநாள் காலை மிசி கராஜுக்கு வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த வாளி ஒன்றின்மேல் இருந்தார். "இண்டைக்கு உதைக் கழட்டாமல் நான் எழும்பமாட்டன்."

நான் காரின் கீழே போனேன். பிழையைக் காணக் கழற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை, படுத்தபடியே தெரிந்தது. அந்தத் தண்டின் இரண்டு முனையிலும் கவட்டை போன்ற பிடி ஒவ்வொன்று உண்டு. இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். அப்போதுதான் ஒரு முனையில் ஏற்படும் சுழற்சியின் ஏற்ற இறக்கத்தை மற்ற முனை சமன்செய்யும். தண்டு நடுவே பல் பல்லாகக் கோத்து இணையும். கழற்றும்போது கோடு கீறி அடையாளம் வைக்காவிட்டால் திரும்பக் கோர்க்கையில் மாறிவிடும். நான் அடையாளம் வைக்கவில்லை. இரண்டு பல் தள்ளிக் கோத்திருந்தேன். தொழிலில் முதல் மாதம் படிக்கிற பாடம் இது.

ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. மிசியை ஏற்றிக்கொண்டு வல்லைவெளியில் நாற்பத்தைந்து வரை ஓடினேன். கார் எண்ணெய் தடவினதுபோலப் போனது.

"எதாலை வந்தது?" என்று கேட்டார்.

"பழசு, மிசி. மூட்டுத் தேய்ஞ்சு போச்சு" என்றேன்.

வாளியில் இருந்தபடி கழற்றுமுன்னும் பூட்டிய பின்னும் குனிந்து பார்த்தவர் அவர். நேர் தவறி நின்ற பிடி நேரானதைக் கண்டவர். கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். "ஓம், பழசுதானே" என்றார்.

அன்று முதல் ஊரில் யார் கேட்டாலும் "மூட்டுத் தேய்ஞ்சு போச்சாம். அந்தாள் என்ன செய்யிறது" என்று அவரே சொல்லி வந்தார். எல்லாரையும் முகத்துக்கு நேரே ஏசுகிறவர், என்னை மட்டும் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். கடைசியில் பொறுக்க முடியாமல் போன வருடம் நானே கேட்டேன்.

"மிசி, அண்டைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"என்ரை பிள்ளைத்தாய்ச்சியள் உம்மடை காரிலைதான் ஏறவேணும். உம்மடை கையிலை நம்பிக்கை இல்லாட்டி ஏறுவாளவையே? உமக்காண்டி இல்லை, அவளவைக்காண்டி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மன்னித்தேன் என்று சொல்லியிருந்தாலும் ஆறியிருப்பேன்.

ஆகவே அவரை அறிந்த உங்கள் எல்லாருக்கும் இங்கே சொல்கிறேன். மூட்டுத் தேயவில்லை. பிழை என்னுடையது. அந்தத் தொண்டைமானாற்றுப் பெண் இதை வாசித்தால், அல்லது யாராவது வாசித்துக் காட்டினால், என்னை ஏச அவருக்கு உரிமை உண்டு.

போன கிழமை ஒரு லொறிக்காரர், நான் பூட்டிய பிறேக் ஒரு பக்கம் இழுக்கிறது என்று திரும்பி வந்தார். பார்த்தேன். "அண்ணை, இது நான் விட்ட பிழை" என்றேன். அவர் பத்து நிமிடம் நின்று ஏசினார். ஏசி முடித்துவிட்டு, வேறெங்கும் கொண்டுபோகாமல், லொறியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். மிசியிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது இதுதான்: பிழையைச் சொல்லிவிடுவது. அவர் எனக்குக் கற்றுத் தந்தது அல்ல. அவர் செய்ததற்கு எதிராக நான் பிடித்துக்கொண்டது. பிழையைச் சொன்னால் சனம் நம்பாது என்று அவர் நினைத்தார். அந்த ஒரு விஷயத்தில் மிசி பிழை. அதைச் சொல்லி வாதாடத்தான் இப்போது ஆளில்லை.